'கட்-ஆஃப் எவ்வளவு ஸார்?'

மே மாதம் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் 'சௌக்கியமா?' என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் ப்ளஸ் டூ எழுதிய பிள்ளை ஒன்று இருந்துவிட்டால் தொலைந்தோம்! பால் போடுகிறவர், மாடி வீட்டு மாமி, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

"கட்-ஆஃப் எவ்வளவு ஸார்?"

கேட்பவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும். 190-க்கு மேல் என்றால் புருவம் ஏறும். 170 என்றால், 'பரவாயில்லையே!' 150-க்குக் கீழே என்றால் தோளில் ஒரு தட்டு. அந்தத் தட்டு இருக்கிறதே... இழவு வீட்டில்கூட அவ்வளவு உருக்கமாகத் தட்டமாட்டார்கள்.

எங்கள் ஆபீஸில் மே முதல் ஆகஸ்ட் வரை ஃபைல் நகராது. (மற்ற மாதங்களில் மட்டும் ஓடுகிறதாக்கும் என்று கேட்காதீர்கள்.) யாருடைய பிள்ளையாவது, மச்சினியாவது, ஓனர் வீட்டுப் பையனாவது இன்ஜினீயரிங் அப்ளிகேஷன் போட்டிருப்பார்கள். எல்லோரும் வந்து நிற்பது என் மேஜை முன்னால். காரணம், 1994-ல் நானே நுழைவுத் தேர்வு எழுதியவன். 1999-ல் நண்பனின் தம்பியோடு கிண்டிக்குக் கவுன்சலிங் போனவன். 2024-ல் அக்கா பையனுக்கு ஆன்லைனில் லிஸ்ட் போட்டுக் கொடுத்தவன். மூன்று யுகம் பார்த்தாச்சு! கன்சல்டேஷன் ஃபீஸ், ஒரு டீயும் ஒரு மெதுவடையும்.

இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது இதுதான்: மார்க் வாங்குவதற்கு இரண்டு வருஷம் டியூஷன் வைக்கிறார்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி ஹார்லிக்ஸ் கொடுக்கிறார்கள். அந்த மார்க்கைக் கொண்டுபோய் காலேஜாக மாற்றுகிற கடைசிப் பரீட்சை ஒன்று இருக்கிறதே, விருப்பப் பட்டியல் போடுவது, அதற்கு மட்டும் இரண்டு மணி நேரம்கூட யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. சித்தப்பா சொன்னார், பஸ்ஸில் ஒருத்தர் சொன்னார் என்று முடித்துவிடுகிறார்கள்.

* * *

முதலில் இந்தக் கட்-ஆஃப் என்கிற ஆசாமியைப் பார்த்துவிடுவோம்.

கணக்கு மார்க் அப்படியே 100-க்கு. இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மொத்தம் 200. என் அக்கா பையன் 2024-ல் வாங்கியது கணக்கில் 86, இயற்பியலில் 84, வேதியியலில் 87. 86, 42, 43.5 - கூட்டினால் 171.5. தமிழ், இங்கிலீஷ், கம்ப்யூட்டர் எல்லாம் இந்தக் கூட்டலில் வெறும் வேடிக்கை பார்க்கிற கட்சி.

அவன் கிளாஸ் பையன் ஒருத்தன். அவனுக்குக் கணக்கு 91, இயற்பியல் 78, வேதியியல் 83. போட்டுப் பாருங்கள்... அதே 171.5! "ரெண்டு பேரும் ஒரே ரேங்க்டா மாமா!" என்று குதித்தான்.

"ஒரே ரேங்க் கிடையாதுடா மருமகனே" என்றேன். கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் முதலில் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள். அதுவும் ஒன்றென்றால் இயற்பியல். அப்படியே இறங்கிக்கொண்டே போய், எதிலும் தீராவிட்டால் பிறந்த தேதி. வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. (நம் சமூகத்தில் பெரியவர்களுக்கு மரியாதை மிச்சமிருக்கிற ஒரே இடம்!) அதிலும் தீராவிட்டால், அப்ளிகேஷன் போட்டவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் கொடுக்கும் 10 இலக்க ரேண்டம் எண். அந்த எண் வந்த அன்றைக்கு அக்கா அதைக் கூட்டிப் பார்த்து, "எட்டு வருதேடா, சனி ஆச்சே?" என்று ஃபோன் பண்ணினாள். அந்த எண்ணுக்கு வேலை வருவதே அபூர்வம் என்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

ஆக, கணக்கில் 91 வாங்கியவன் என் மருமகனுக்கு முன்னால் போய்விட்டான். எவ்வளவு முன்னால்? 2024-ல் தரவரிசைப் பட்டியலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். 80-லிருந்து 200 வரை பரப்பினால் 120 மார்க், அதாவது 240 அரை மார்க். வகுத்துப் பாருங்கள், சராசரியாக ஒவ்வொரு அரை மார்க்கிலும் 800 பேருக்கு மேல் நிற்கிறார்கள்! மின்சார ரயிலில் காலை எட்டரை மணிக்கு ஏறுகிறவர்களுக்கு அந்த நெரிசல் புரியும்.

இங்கேதான் இன்னொரு விஷயம். 'அந்தக் காலேஜோட கட்-ஆஃப் 175' என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏதோ காலேஜ் வாசலில் பிரின்சிபால் ஸ்கேலை வைத்துக்கொண்டு அளப்பது போல. காலேஜ் அப்படி எதையும் நிர்ணயிப்பதில்லை. போன வருஷம் அந்த சீட்டில் கடைசியாக வந்து உட்கார்ந்த பையனின் மார்க் அது, அவ்வளவுதான். இந்த வருஷம் வேதியியல் பேப்பர் சுலபமாக வந்து ஆளாளுக்கு நூறு வாங்கினால் அது ஏறும். கணக்கு பேப்பர் கடித்துக் குதறினால் இறங்கும். அதனால் போன வருஷ மார்க்கைப் பார்க்காதீர்கள், போன வருஷ ரேங்கைப் பாருங்கள் என்பது என் கட்சி. மார்க் வருஷத்துக்கு வருஷம் ஆடும். வரிசையில் நமக்கு முன்னால் எத்தனை தலை என்கிற கணக்கு அவ்வளவு ஆடாது. கடைசி ரேங்கும் வலைத்தளத்திலேயே கிடைக்கிறது, காசு கொடுக்க வேண்டாம்.

* * *

என் காலத்தில் இது 300 மார்க் சமாசாரம். ப்ளஸ் டூ மார்க்கிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100. டி.என்.பி.சி.இ.இ. என்று ஒரு பெயர். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். 1984-ல் தொடங்கிய அந்தத் தேர்வு, 2006 வரைக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கோடை விடுமுறையைச் சாப்பிட்டது. பொதுத்தேர்வு மார்ச்சில் முடிந்த மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு கோச்சிங் சென்டர் இருக்கிற ஊருக்கு ஓடவேண்டும். சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருச்சி. கிராமத்துப் பையன் தங்க இடமும் கோச்சிங் கட்டப் பணமும் இல்லாமல் ஊரிலேயே கைடு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பான். என் அறையில் என்னோடு நுழைவுத் தேர்வு எழுதிய பையன் ஒருவன், விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்குவது எப்படி என்பதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். ப்ளஸ் டூவில் என்னைவிட அதிகம் வாங்கியவன்.

அந்தத் தேர்வை எடுப்பதா வேண்டாமா என்று அரசாணை, கோர்ட், கேஸ் என்று இழுத்து, கடைசியில் சட்டமன்றத்தில் சட்டமே போட்டு, 2007 அட்மிஷனிலிருந்து எடுத்தார்கள். 'தரம் போச்சு' என்று ஒரு கோஷ்டி, 'கிராமத்துப் பிள்ளை பிழைச்சான்' என்று ஒரு கோஷ்டி. நான் இரண்டாவது கோஷ்டி. ஆனால் அதற்குப் பிறகு வேறு ஒரு வியாபாரம் வந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ப்ளஸ் டூ மார்க்கே சர்வமும் என்று ஆனதும், சில பள்ளிக்கூடங்கள் ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் தொடாமல், ப்ளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் அரைத்துப் புகட்டின. மார்க் கொட்டியது. கொட்டிய மார்க்கோடு இன்ஜினீயரிங் போன பிள்ளைகள் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள். படிக்காமல் விட்ட ப்ளஸ் ஒன் அங்கே வந்து வட்டியோடு கேட்டது! அதனால்தான் 2018-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள்.

1999-ல் நண்பனின் தம்பியோடு போன கவுன்சலிங்கை மறக்க முடியாது. ஒற்றைச் சாளர முறை 1997-ல்தான் வந்திருந்தது. அண்ணா பல்கலைக்கழக மரத்தடியெல்லாம் திருவிழா. தூக்குச் சட்டியில் புளியோதரை, மஞ்சப் பையில் சர்டிபிகேட், ஜிப்பாவின் உள் பாக்கெட்டில் டிமாண்ட் டிராஃப்ட். கேட்டுக்கு வெளியே காலேஜ் ஏஜென்ட்கள் கையில் நோட்டீஸைத் திணிப்பார்கள். உள்ளே போனால் காலி இடங்களின் எண்ணிக்கை கண்ணெதிரே குறைந்துகொண்டே வரும். பத்து இருந்தது ஏழாகும், மூன்றாகும். முன்னால் போகிற ஒவ்வொருவரும் நம் சீட்டைத்தான் எடுக்கப்போகிறார் என்று தோன்றும். ஒரு அப்பா, 'சிவில் வேண்டாம், சிவில் வேண்டாம்' என்று வழிநெடுக முனகிக்கொண்டே வந்து, உள்ளே போனதும் பதற்றத்தில் சிவிலையே எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்தப் பையன் சிரித்த சிரிப்பு... அவனுக்கு வேண்டியது சிவில்தானாம்!

2018-லிருந்து மரத்தடியும் இல்லை, புளியோதரையும் இல்லை. எல்லாம் ஆன்லைன். அலைச்சல் போனது புண்ணியம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். அப்போது நம் முறை வரும்போது எது காலி என்று பார்த்துவிட்டு எடுத்தோம். இப்போது எது காலியாக இருக்கும் என்று தெரியாமலே, முன்கூட்டியே வரிசையாக எழுதிக் கொடுக்கவேண்டும். எழுத இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். வரிசை போடுவதுதான் இப்போது வித்தையே.

* * *

அக்கா வீடு கோவில்பட்டி. அத்தான் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். அக்காவும் காலேஜ் வாசல் மிதிக்காதவள்தான். அந்த வீட்டில் பையன்தான் முதல் பட்டதாரியாகப் போகிறவன். 2024 ஜூலையில் நான் போய் இறங்கியபோது, ஹாலில் வட்ட மேஜை மாநாடு நடந்துகொண்டிருந்தது. (மேஜை கிடையாது. பாய்தான்.) அத்தான், அக்கா, பையனின் சித்தப்பா, எதிர் வீட்டு ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர். பையன் மட்டும் மூலையில், கேஸ் அவனைப் பற்றியதே இல்லை என்பது போல.

அவனுக்கு மெக்கானிக்கல் வேண்டும். எட்டாவது படிக்கும்போதே தெரு முனை லேத் பட்டறையில் போய் நின்றுகொண்டிருப்பான். அத்தானுக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் வேண்டும். எந்தக் காலேஜ் ஆனாலும் சரி, கம்ப்யூட்டர் சயன்ஸ். சித்தப்பாவுக்கு வேண்டியது வேறு.

"பெரிய காலேஜையெல்லாம் மேல போட்டு வீணாக்காதீங்க. நம்ம மார்க்குக்கு எது கிடைக்குமோ அதை ஃபர்ஸ்ட் போடணும். இல்லைன்னா அதுவும் போயிடும்" என்றார். ஊரெல்லாம் இந்தச் சித்தப்பாக்கள்தான்! அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எத்தனையோ பிள்ளைகள் கிடைத்திருக்கக்கூடிய நல்ல சீட்டைக் கோட்டைவிடுகிறார்கள்.

நான் எங்கள் ஆபீஸ் கேன்டீனைத்தான் உதாரணம் சொன்னேன்.

"வடை க்யூவுல நீங்க நாற்பதாவது ஆள். உங்க முறை வந்தாச்சு. 'மசால் வடை இருக்கா?'ன்னு கேக்கறீங்க. 'தீந்து போச்சு.' 'போண்டா?' 'அதுவும் இல்லை.' 'சரி, பஜ்ஜி?' 'இருக்கு.' வாங்கிட்டு வர்றீங்க. நீங்க மசால் வடையைக் கேட்டுக்கிட்டு இருந்த நேரத்துல, பின்னால நிக்கற நாற்பத்தோராவது ஆள் பஜ்ஜியை எடுத்துக்கிட்டுப் போயிட முடியுமா?"

"அதெப்படி? என் முறை முடியலையே!"

"அவ்வளவுதான் விஷயம்."

கம்ப்யூட்டரும் அப்படித்தான். ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவர் லிஸ்ட்டை மேலிருந்து கீழே பார்க்கிறது. முதலாவது இருக்கிறதா? இல்லை. இரண்டாவது? இல்லை. பதினாலாவது இருக்கிறதா? இந்தா பிடி! நாம் பதினாலாவதாகப் போட்ட காலேஜை, நமக்குப் பின்னால் ரேங்க் உள்ளவன் முதலாவதாகப் போட்டிருந்தாலும் முறை நமக்குத்தான் முதலில். பெரிய இடமாக ஆசைப்பட்டதற்கு அபராதம் கிடையாது. ஆகவே, பிடித்ததைப் பிடித்த வரிசையில் போடவேண்டும். நீளமாகவும் போடவேண்டும். நாலே நாலு காலேஜைப் போட்டுவிட்டு 'கம்ப்யூட்டர் ஏமாத்திடுச்சு' என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: பிடிக்காததை மேலே போட்டால் அது வந்து ஒட்டிக்கொள்ளும்.

போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு சந்தேகம். "ஓ.சி.ன்னு இருக்கே, அது நமக்கு இல்லையே?" இதையும் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 சதவீதம், அவர்களில் முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் - சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. கூட்டினால் 69. மிச்சமுள்ள 31 பொதுப் போட்டி. அது எந்த ஜாதிக்கும் எழுதி வைத்த சொத்து இல்லை. ரேங்க் இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அது கிடைக்காவிட்டால்தான் பிரிவு இடம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இன்ஜினீயரிங்குக்கும் 2021-ல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். சேர்ந்தால் காலேஜ் கட்டணமும் ஹாஸ்டல் செலவும் அரசாங்கத்துடையது. என் மருமகன் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. "பேருலயே அரசு இருக்கே மாமா!" என்று ஒரு முயற்சி செய்து பார்த்தான். செல்லாது என்றேன்.

* * *

அன்று சாயங்காலம்தான் அந்த ஃபோன் வந்தது. அத்தான் நம்பரை யார் கொடுத்தார்களோ தெரியாது. ரிசல்ட் வந்த மறுநாளே ஏஜென்ட்களுக்கு நம் பிள்ளையின் மார்க் நம்மைவிட நன்றாகத் தெரிகிறது!

"ஸார், கம்ப்யூட்டர் சயன்ஸ் கடைசி ரெண்டு ஸீட் இருக்கு. கவுன்சலிங்ல உங்களுக்குக் கிடைக்காது ஸார். இன்னிக்கே 50 ஆயிரம் கட்டினா பிளாக் பண்ணிடலாம். மீதியை அப்புறம் பாத்துக்கலாம்."

அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. அக்கா எழுந்து பீரோவைத் திறந்தாள். எதற்கு என்று கேட்டேன். "சங்கிலியை வச்சா வரும்ல?" என்றாள். அப்பா போட்ட சங்கிலி.

நான் பையனிடம் லேப்டாப்பைக் கேட்டேன். அந்தக் காலேஜின் பெயரைப் போட்டு, போன வருஷக் கவுன்சலிங்கில் அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸில் கடைசியாகச் சேர்ந்தவர் மார்க் என்ன என்று பார்த்தோம். 120-க்கும் கீழே! எங்கள் பையனிடம் இருப்பது 171.5. அதாவது, விருப்பப் பட்டியலில் போட்டாலே ஓடிவந்து கிடைக்கக்கூடிய சீட்டை, 'கிடைக்காது' என்று பயமுறுத்தி, சங்கிலிக்கு விற்கப் பார்த்திருக்கிறார்கள்.

அதுமட்டும் இல்லை. தனியார் காலேஜ்கள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தை, சிறுபான்மைக் காலேஜ்கள் 50 சதவீதத்தை, கவுன்சலிங்குக்குக் கொடுக்கவேண்டும். மிச்சம்தான் மேனேஜ்மென்ட் கோட்டா. அங்கே சேர்ந்தால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கிடையாது. அது கவுன்சலிங் வழியாகப் போனால்தான். இரண்டு பக்கமும் நஷ்டம். அத்தானிடம் நோட்டில் கணக்குப் போட்டே காட்டினேன். அவர் கணக்கு எழுதுகிற ஆள். ஒரு தடவை பார்த்தார், இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் ஃபோனை எடுத்து, அந்த ஏஜென்டிடம் தீப்பெட்டி ஆபீஸ் பாஷையில் நாலு வார்த்தை சொன்னார். அதை இங்கே அச்சிட முடியாது.

அக்கா பீரோவை மூடிவிட்டு காபி போடப் போனாள்.

* * *

ராத்திரி பன்னிரண்டு மணி வரை லிஸ்ட் போட்டோம். மேலே கிண்டி, கோவை ஜி.சி.டி. மெக்கானிக்கல். கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வடைக் கதை புரிந்துவிட்டதால் சித்தப்பாவே 'போடு, போடு' என்றார். அதன் கீழே மற்ற அரசுக் காலேஜ்கள், அரசு உதவி பெறும் காலேஜ்கள். அப்புறம் அத்தானுக்காக, ஓரளவு பெயருள்ள காலேஜ்களில் கம்ப்யூட்டர் சயன்ஸ். வரிசையில் எது மேலே என்பதற்கு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடந்த பேரம், காவிரிப் பேச்சுவார்த்தை தோற்றது! கடைசியில் அரசுக் காலேஜ் மெக்கானிக்கல் மேலே, தனியார் கம்ப்யூட்டர் கீழே என்று உடன்படிக்கை ஆனது. அத்தானை மசிய வைத்தது என் வாதம் இல்லை, கட்டணம்தான்.

பெயர் விஷயத்தில் ஜாக்கிரதை. நானூற்றுக்கும் மேற்பட்ட காலேஜ்கள். சாமி பெயரில் பாதி, பெற்றோர் பெயரில் மீதி. ஒரே பெயரில் மூன்று காலேஜ்கூட இருக்கும். பெயரை நம்பாமல் கோட் எண்ணைப் பாருங்கள். கிண்டிக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. (குரோம்பேட்டை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் அங்கே படித்தவர்கள். அதற்கு முன்னால் இரண்டு பேருமே திருச்சி செயின்ட் ஜோசப்பில் பி.எஸ்ஸி. முடித்தவர்கள். 'பி.எஸ்ஸி.யா?' என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது. நானும் பி.எஸ்ஸி. கணிதம்தான், ஆனால் ராக்கெட் விடவில்லை.)

தெரியாத காலேஜைப் போடுவதற்கு முன் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. ரிசப்ஷனில் ஏ.சி. ஹாலில் உட்கார வைத்து ஜூஸ் கொடுப்பார்கள். அதைக் குடித்துவிட்டு, வெளியே வந்து டீக்கடையில் விசாரியுங்கள். இறுதியாண்டுப் பையன்கள் நாலு பேர் அங்கே எப்போதும் இருப்பார்கள். 'இந்த செமஸ்டர்ல எத்தனை வாத்தியார் மாறினாங்க தம்பி?' என்று கேளுங்கள். 'லேப் திறந்திருக்குமா, பூட்டியிருக்குமா?' என்று கேளுங்கள். விளம்பர நோட்டீஸில் இல்லாத விவரமெல்லாம் வரும். 'என்.பி.ஏ. அங்கீகாரம்' என்று போர்டு இருந்தால் எந்தப் பாடப்பிரிவுக்கு என்று கேளுங்கள். அது பிரிவு பிரிவாகக் கொடுப்பது. மெக்கானிக்கலுக்கு வாங்கியதை வைத்துக்கொண்டு, நேற்று தொடங்கிய பிரிவுக்கும் சேர்த்து போர்டு மாட்டிவிடுவார்கள்.

* * *

இந்த இடத்தில் எங்கள் செக்‌ஷன் ஹெட்கிளார்க் கோபித்துக்கொள்வார். அவர் பையன் ஜே.இ.இ. கோஷ்டி. ஆறாவதிலேயே ஃபவுண்டேஷன் கோர்ஸில் போட்டுவிட்டார். 75 கேள்வி, 300 மார்க். சரியென்றால் 4, தப்பென்றால் மைனஸ் 1. வருஷத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஏப்ரலிலும். 10 லட்சத்துக்கும் மேல் எழுதி, அதில் முதல் இரண்டரை லட்சம் பேர் அட்வான்ஸ்டுக்குப் போய், கடைசியில் 2024-ல் 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இருந்த இடம் 17 ஆயிரத்துச் சொச்சம். பிள்ளைக்கே ஆசை இருந்தால் முயலட்டும். 2021-லிருந்து கேள்வித்தாள் தமிழிலும் கிடைக்கிறது.

ஹெட்கிளார்க்குக்கு ஒரே ஒரு விஷயம் சொன்னேன். பையனை ப்ளஸ் டூவுக்கு ஹைதராபாத்தில் சேர்க்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. ஆனால் 'தமிழ்நாட்டுக்காரர்' என்றால் பிறந்த ஊர் கணக்கில்லை, ப்ளஸ் டூ பாஸ் செய்த மாநிலம்தான் கணக்கு. அங்கே பாஸ் செய்தால் இங்கே வெளியூர்க்காரன்! மனுஷன் டீயைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் இரண்டு மெதுவடை வந்தது.

* * *

கோவில்பட்டிக்கு வருகிறேன். தற்காலிக ஒதுக்கீடு வந்தது. பதினொன்றாவது விருப்பம், ஒரு பெயருள்ள தனியார் காலேஜில் கம்ப்யூட்டர் சயன்ஸ். அத்தானுக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. இங்கே ஐந்து பட்டன் வைத்திருக்கிறார்கள். ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மேலே காலியானால் கொடு, வேண்டாம், மேலே கிடைத்தால் மட்டும் கொடு, அடுத்த சுற்றுக்குப் போகிறேன், ஆளை விடு. இரண்டே நாள்தான் அவகாசம். அழுத்தாமல் தூங்கினால் சீட் போய்விடும்.

இரண்டாவது பட்டனை அழுத்தச் சொன்னேன். முன்னால் இருப்பவர்கள் ஐ.ஐ.டி., மெடிக்கல் என்று கிளம்பிப் போவார்கள், பணம் கட்டாமல் விடுவார்கள். அந்த இடங்கள் மேலிருந்து இறங்கி வரும். ஆனால் மேலே ஒன்று வந்துவிட்டால் கையிலிருக்கிற பழையது போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. "மேலே உள்ள பத்தும் இதைவிட உனக்கு வேணுமாடா? யோசிச்சுச் சொல்லு." பையன் அப்பாவைப் பார்த்தான். அத்தான் வெற்றிலைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "அமுக்குடா" என்றார்.

ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அப்புறம் ஒரு காலை ஃபோன். நாலாவது விருப்பம் இறங்கி வந்துவிட்டது! தெற்கத்தி அரசுக் காலேஜ் ஒன்று. மெக்கானிக்கல். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸிலேயே போய் வரலாம்.

சங்கிலி அக்கா கழுத்தில் இருக்கிறது. அத்தான் இன்னும் ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம், 'மெக்கானிக்கல்தான் எடுத்திருக்கான்' என்று கொஞ்சம் இறங்கிய குரலிலேயே சொல்கிறார். வகுப்பு தொடங்கிய வாரம் பையன் எனக்கு ஃபோன் செய்தான்.

"மாமா, மினி டிராஃப்டர் வேணுமாம், இங்க கடையில விலை ஜாஸ்தி சொல்றான். உங்க ஆபீஸ்ல யார் பையனாவது போன வருஷம் ஃபர்ஸ்ட் இயர் முடிச்சிருந்தா, வாங்கிட்டு வாங்களேன்!"

இந்தத் தடவை மெதுவடை வாங்கிக் கொடுக்கவேண்டியது நான். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் வரைக்கும் போயிருக்கிறேன். அங்கே ஒருத்தர் பரணில் இருக்கிறது, தேடித் தருகிறேன் என்றிருக்கிறார்.